ஷக்ராவிடம் கொடுத்த அமானிதம்

ஒட்டகத்தின் வாயிலிருந்து நல்ல வார்த்தை மட்டுமே வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் நடந்தது இது. இப்போது அதன் முகத்தைப் பார்க்கிறீர்கள் அல்லவா? கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தியைப் போல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, யாரையும் நம்பாத பார்வை பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்போது அப்படி இல்லை. எல்லாப் பிராணிகளும் பேசின. நரி பேசினால் அதில் ஏதாவது உள்நோக்கம் இருக்கும். காகம் பேசினால் கோள் இருக்கும். ஒட்டகம் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கலாம். காலையில் அடித்தால் மத்தியானத்துக்குள் மறந்துவிடும். மூட்டை ஏற்றும்போது முனகாது. "இன்னும் இடம் இருக்கே, அந்தக் கூடையையும் வைங்களேன்" என்று தானாகவே கேட்கும்.

கறுவிக்கொண்டு திரிவது அன்றைக்கு மனிதனுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. அதிலும் பனூ ரிம்த் என்று ஓர் அரபுக் கோத்திரம் அந்த வேலையில் கைதேர்ந்தது. தேசப்படத்தில் தேடவேண்டாம், கிடைக்காது. கதைக்குள் மட்டும் கூடாரம் அடித்துக்கொண்ட கூட்டம் அது. மேல் கிணற்றார், கீழ்க் கிணற்றார் என்று இரண்டு பிரிவு. ஒரே பாட்டனின் வாரிசுகள்தான். ஆனாலும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதைப் பாட்டன் சொத்தைப் போலக் காப்பாற்றி வந்தார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைக் காட்டும், அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைக் காட்டும்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்கள் ஆள் ஒருவன் வெட்டுப்பட்டு மவுத்தாகிவிட்டால், அவனுக்கு அடுத்த ஆண் தன் போர்வையின் முனையில் ஒரு முடிச்சோடு திரிய வேண்டும். செத்தவனின் உடம்பு கிடக்கும்போதே வீட்டுப் பெண் ஒருத்தி அதைக் கட்டிவிடுவாள். கொன்றவனைக் கொல்லும்வரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. அதுவரை அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் கிடையாது, எண்ணெய் கிடையாது, கறி கிடையாது. மேல் கிணற்றாரில் தரீஃப் என்பவன் அப்படி ஒரு முடிச்சோடுதான் திரிந்துகொண்டிருந்தான்.

அவனுடைய அண்ணன் நுமைர் மதீனா வழியில் இருந்த பொதுக் கிணற்றடியில் செத்தான். யார் ஒட்டகம் முதலில் தண்ணீர் குடிப்பது என்று ஒரு சின்ன வாய்ச்சண்டை. கீழ்க் கிணற்றாரில் உனைஸ் என்பவன் கையிலிருந்த தோல் வாளியைக் கீழே போட்டுவிட்டு வாளை எடுத்தான். அவ்வளவுதான். தரீஃப் ஓடிவந்தபோது வாளி மணலில் கிடந்தது. தண்ணீர் இன்னும் முழுதாக உறிஞ்சப்படவில்லை. இருவருக்கும் மூத்த அக்கா கபீஷா நுமைரின் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழாமல், தம்பியின் போர்வை முனையை இழுத்துப் பல்லால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அன்றிலிருந்து தரீஃபுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுவான், எழுந்தால் நடப்பான், நடந்தால் கால் தானாகக் கீழ்க் கிணற்றுப் பக்கம் திரும்பும். தலை சடை பிடித்துவிட்டது. வாயில் போட்டது இறங்கவில்லை. போதாததற்கு, பொழுது சாய்ந்தால் நுமைரைப் புதைத்த கப்ருப் பக்கமிருந்து ஓர் ஆந்தை கத்தும். கொல்லப்பட்டவனின் தலையிலிருந்து ஒரு பறவை கிளம்பி, பழி தீரும்வரை "குடிக்கக் கொடுங்க, குடிக்கக் கொடுங்க" என்று கத்தும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் குரல் கேட்டதும் தரீஃபின் கை போர்வை முடிச்சைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

நுமைர் விட்டுப்போன பெண் ஒட்டகம் ஒன்று இருந்தது. செம்பட்டை நிறம், அதனால் ஷக்ரா என்று பெயர். சாவு நடந்தபோது கிணற்றடியில் நின்றது அதுதான். ஆனால் அதற்கு அது நினைவிலேயே இல்லை.

"உன் கண் முன்னாலதானே வெட்டினான்? எப்படி மறந்தே?" என்று தரீஃப் அதனிடம் கத்துவான்.

"மறந்துட்டேனே தம்பி" என்று ஷக்ரா சாந்தமாகச் சொல்லும். நுமைர் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதால் அதுவும் தம்பி என்றுதான் கூப்பிடும். "அன்னிக்கு வெயில் அதிகம். அதுதான் ஞாபகம் இருக்கு. நீயும் மறந்துடேன். ராத்திரி தூங்கலாம்."

தரீஃபுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ராத்திரிகளில் அதன் விலாவில்தான் சாய்ந்துகொள்வான். வேறு யாரிடம் போவான்?

மதீனாவில் தீன் என்னும் இஸ்லாமிய மார்க்கம் வேரூன்றி, அதன் செய்தி கூடாரம் கூடாரமாகப் பாலைக்குள் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பனூ ரிம்த்துக்கு ஓதிக்கொடுக்க அங்கிருந்து ஸிமாக் என்று ஒருவர் வந்தார். குரல் உயர்த்தாத மனுஷர். ஓதும்போது மட்டும் கூடாரத்துத் துணிகூட அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். இரண்டு கிணற்றுக்கும் நடுவில் கூடாரம் போட்டுக்கொண்டார். முதலில் பெண்கள் போய்க் கேட்டார்கள். கபீஷா போனாள், மறுநாளும் போனாள். ஒருநாள் திரும்பி வந்து தம்பியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"தரீஃபு, அந்த முடிச்சை அவுத்துடு."

"நீதானே லாத்தா கட்டினே!"

"கட்டினவதான் சொல்றேன். பழைய ரத்தத்தை இனிமே யாரும் கேக்கக் கூடாதாம். எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஒரு தம்பியைப் புதைச்சுட்டேன். உனக்கும் ஒரு குழி தோண்ட என் கையில தெம்பு இல்லடா."

இரண்டு பிரிவும் ஸிமாக்கின் கூடாரத்தில் கூடி, கைகொடுத்து, தீனில் சேருவது என்று முடிவாயிற்று. அன்றைக்கு எல்லாரும் தங்கள் முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு வரவேண்டும். ஸிமாக் முன்கூட்டியே பல விஷயங்களைச் சொன்னார். ஒருவர் நம்பிக் கொடுத்த அமானிதத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள் என்றார். மிருகங்கள்மேல் தாங்காத சுமையை ஏற்றாதீர்கள் என்றார். தரீஃபும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டான். எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் கை முடிச்சிலேயே இருந்தது.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே ஆங்காங்கே ஆண்கள் உட்கார்ந்து முடிச்சுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சிலருடையது அப்பா காலத்து முடிச்சு, கல்லாக இறுகியிருந்தது. கத்தியால் நெம்பினார்கள். அவிழ்ந்ததும் சிலர் சிரித்தார்கள், சிலர் தேம்பித் தேம்பி அழுதார்கள். கபீஷா தம்பிக்கென்று ஒரு புது வெள்ளைப் போர்வை நெய்து வைத்திருந்தாள். அதை அவன் தோளில் போட்டுவிட்டு, "பழசை அவுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

தரீஃப் பழைய போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். விரல் முடிச்சைத் தொட்டதும் நுமைரின் முகம் வந்தது. சின்ன வயதில் தேள் கொட்டியபோது அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய நுமைர். தன் பங்கு ஈரலை எடுத்து அவன் தட்டில் போட்ட நுமைர். இதை அவிழ்த்தால் அண்ணனுக்கென்று இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒன்றே ஒன்றும் போய்விடும் என்று அவனுக்குத் தோன்றியது. அவிழ்க்காமல் போனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? அங்கே ஜனங்கள் கூடிவிட்டார்கள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்தில் ஷக்ரா முள்செடி மேய்ந்துகொண்டிருந்தது.

"ஷக்ரா, எனக்காக ஒண்ணு சுமப்பியா?"

"என்ன கேள்வி தம்பி? முதுகு சும்மாதானே கிடக்கு. எவ்வளவு கனம்?"

"கனமே இல்ல. இந்தப் போர்வைதான். இது உன்கிட்ட அமானிதம். நான் உள்ளே போய்க் கைகொடுத்துட்டு வந்து வாங்கிக்கறேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதே."

"அமானிதம்னா உயிரைக் கொடுத்தாவது காப்பேன்" என்றது அது. உள்ளபடியே பெருமையாகத்தான் சொன்னது.

தரீஃப் போர்வையை மடித்து, முடிச்சு உட்பக்கமாக இருக்கும்படி, சேணத்துக்கு அடியில் வைத்து இறுக்கிக் கட்டினான். ஒட்டகத்தை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போவதுபோல, மனசிலிருக்கிற நெருப்பையும் வெளியே நிறுத்திவிட்டுப் போகலாம் என்று நினைத்தான் அவன். அந்த ஒரு காரியத்தில்தான் எல்லாம் கெட்டது.

கைகொடுக்கும் வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் உனைஸ் நின்றான். தரீஃப் அவன் முகத்தைப் பார்த்தான். நரைத்த தாடி, சோர்ந்த கண், யாரோ ஒரு நடுவயதுக்காரன். இவனையா இவ்வளவு நாள் கனவில் வெட்டிக்கொண்டிருந்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது. மனசு கழுவிவிட்ட பானைபோல் காலியாக இருந்தது. அண்ணன் முறை வைத்து "காக்கா" என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டான். நுமைரை மட்டுமே அதுவரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். அந்தச் சொல் நாவில் தடுக்கவே இல்லை. கபீஷா பெண்கள் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள்.

"அவுத்துட்டியா தம்பி?"

"அவுத்துட்டேன் லாத்தா" என்றான் அவன். பொய் சொன்னது போலவே அவனுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குத் தலைமுழுகினான். வெகுகாலத்துக்குப் பிறகு கறி சாப்பிட்டான். படுத்ததும் தூங்கிப்போனான். பொழுது சாயும்போது ஆந்தை கத்தியதா என்றுகூட அவன் கவனிக்கவில்லை.

காலையில் ஷக்ரா அவனுக்காக நின்றுகொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது.

"தம்பி, உன் போர்வையை எடுத்துக்கோ. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. அந்த ஆந்தை வேற 'குடிக்கக் கொடு, குடிக்கக் கொடு'ன்னு ஒரே கத்தல். உனக்குக் கேக்கல?"

"இல்லையே."

"இத்தனை நாளும் எனக்குத்தான் கேட்டதில்ல. நேத்து கேட்டுச்சு."

தரீஃப் அருகே போனான். கையை நீட்டினான். போர்வையின் ஓரம் தெரிந்தது. எடுத்தால் அந்தச் சடைத்தலையும் அந்த நடையும் அந்தக் குரலும் திரும்ப வந்துவிடும் என்று புரிந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டான்.

"நாளைக்கு எடுத்துக்கறேன் ஷக்ரா. ஒரு நாள் பொறு."

நாளை வந்ததும் ஆடு குட்டி போடும் சமயம் என்றான். அது முடிந்ததும் நோன்பு முடியட்டும் என்றான். பெருநாள் கழிந்ததும் பேரீச்சங்குலை இறங்கட்டும் என்றான். சாக்குப்போக்குக்கா பஞ்சம்? ஷக்ரா நம்பிக்கொண்டே இருந்தது. ஆனால் அதன் பேச்சு மாறிக்கொண்டு வந்தது. தீனி வைத்தால் தின்னாமல், தின்றதையே வாய்க்குக் கொண்டுவந்து மென்றுகொண்டிருக்கும். கீழ்க் கிணற்றாரின் ஒட்டகங்கள் எதிரே வந்தால் கழுத்து நரம்பு புடைக்கும். நின்ற இடத்தில் நிற்காது, கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வரும், மணலில் வட்டமாகப் பள்ளமே விழுந்துவிட்டது.

ஒருநாள் அது சொன்னது: "தம்பி, எனக்கு ஞாபகம் வருது."

"என்ன ஞாபகம்?"

"வாளி விழுந்த சத்தம். என் எசமான் என் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே சரிஞ்சது. அவர் கை சூடு இங்கே இருக்கு, பார்." அது கழுத்தைத் திருப்பிக் காட்டியது. "இதை எடுத்துக்கோ தம்பி. கனமே இல்லன்னு சொன்னியே. இதைவிடக் கனமா நான் எதையும் சுமந்ததில்ல."

தரீஃப் எழுந்து போய்விட்டான். பாவம் அது, என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வராது என்று நினைக்கிறேன். அவனும் பாவம்தான். ஆனால் அவன் ராத்திரி நன்றாகத் தூங்கினான் என்பதையும் மறக்கக் கூடாது.

பேரீச்சங்குலை இறங்கியதும், கோத்திரத்தின் தர்மப் பங்கான ஸகாத்தை மதீனாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை வந்தது. ஒட்டகம் குறைவு, ஆள் அதிகம். இரண்டு பேருக்கு ஓர் ஒட்டகம், ஒருவர் ஏறினால் மற்றவர் நடக்கவேண்டும், கொஞ்ச தூரத்தில் மாற்றிக்கொள்ளவேண்டும் என்று ஏற்பாடு. மேல் கிணற்றாரில் ஒருவரோடு கீழ்க் கிணற்றாரில் ஒருவர் என்று ஸிமாக் ஜோடி சேர்த்தார். சேர்ந்து நடந்தால் மனசு சேரும் என்பது அவர் எண்ணம். தரீஃபின் ஷக்ராவுக்கு உனைஸ் வந்து சேர்ந்தான்.

புறப்படுவதற்கு முன்னால் ஷக்ரா தரீஃபின் காதோரம் தலையைக் கொண்டுவந்தது.

"இவனையா நான் சுமக்கணும்?"

"கொஞ்சம் பொறுத்துக்கோ ஷக்ரா. மதீனா போனதும் கட்டாயம் எடுத்துக்கறேன்."

"இவன் அந்த முடிச்சுமேலேயே உக்காரப் போறான் தம்பி."

"நான் அவரை மன்னிச்சாச்சு" என்றான் தரீஃப், கயிற்றை இழுத்துக்கொண்டே.

ஏறும் முறை வந்தபோது ஷக்ரா உனைஸுக்காக முழங்கால் மடித்து உட்கார்ந்தது, எழுந்தது, நடந்தது. ஒவ்வோர் அடியிலும் முடிச்சு முதுகில் உரசியது. வழியெல்லாம் அதன் தாடை மட்டும் ஓயவில்லை.

உனைஸ் கீழே நடக்கும் முறை வந்தபோதெல்லாம் தரீஃபோடு பேச முயன்றான். நல்ல மனுஷன்தான், கைதான் ஒருநாள் புத்தியைவிட வேகமாகப் போய்விட்டது.

"தரீஃபு, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..."

"வேண்டாம் காக்கா. அதெல்லாம் முடிஞ்சு போச்சு."

"உனக்கு முடிஞ்சிருக்கலாம். எனக்கு முடியல. நான் தண்ணி இறைக்கிறப்பல்லாம் உன் அண்ணன் எதிர்ல நிக்கறார்."

தரீஃப் தலையாட்டிவிட்டு வானத்தைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கோபத்தோடு சேர்ந்து வருத்தமும் அந்தப் போர்வையோடு போய்விட்டதோ என்று முதன்முறையாக ஒரு பயம் வந்தது. அண்ணனின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றான். சரியாக வரவில்லை.

மத்தியானம் கூட்டம் கிணற்றடியில் தங்கியது. நுமைர் செத்த அதே கிணறு. மதீனா வழியில் அதைவிட்டால் வேறு தண்ணீர் இல்லை. மற்றவர்கள் நிழல் தேடிப் போனார்கள். தரீஃப் தோல் வாளியோடு கிணற்றுக்குப் போனான். உனைஸ் ஷக்ராவின் பக்கத்தில் நின்று அதன் முதுகைத் தடவிப் பார்த்தான். சேணத்துக்கு அடியில் ரத்தம் கசிந்திருந்தது.

"அட, புண்ணு பிடிச்சிருக்கே! என்னமோ உறுத்துது" என்று சொல்லிக்கொண்டே பட்டையைத் தளர்த்தி, சேணத்தை இறக்கிவைத்தான். அடியில் மடித்திருந்த பழைய போர்வையை உருவினான். முனையில் கல்போல இறுகிய முடிச்சைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பனூ ரிம்த்துக்காரன் எவனுக்கும் அது என்னவென்று விளக்கவேண்டியதில்லை. யாருக்காகக் கட்டியது என்றும் அவனுக்கு விளக்கவேண்டியதில்லை.

"அதை வை" என்றது ஷக்ரா.

அதன் குரல் அப்படி ஒலித்து உனைஸ் கேட்டதில்லை. போர்வை கையிலேயே இருந்தது.

"அது அமானிதம். யாரையும் தொட விடாதேன்னு சொல்லியிருக்கு. அதுவும் நீ தொடறியா?"

அடுத்த கணம் அதன் பற்கள் உனைஸின் தோளில் இருந்தன. தூக்கி ஒரு உதறு உதறியது. எலும்பு முறிந்த சத்தம் கிணற்றடிவரை கேட்டது. கீழே விழுந்தவன்மேல் முன்னங்காலை மடித்து, மார்பை இறக்கப் போனது. ஒட்டகம் ஒருவன்மேல் மார்பை இறக்கினால் பிறகு அவனைத் துணியில்தான் அள்ளவேண்டும்.

தரீஃப் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வாளி மணலில் விழுந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அன்றைக்குக் கிடந்த அதே இடம்.

"விடு ஷக்ரா! விட்டுடு! அவரை நான் மன்னிச்சாச்சு!"

ஷக்ரா தலையைத் திருப்பியது. அதன் வாயில் நுரை தள்ளியிருந்தது.

"ஆமா, நீ மன்னிச்சே. கட்டிப்பிடிச்சே, காக்கான்னு கூப்பிட்டே, கறி தின்னே, குறட்டை விட்டே. மன்னிப்பு உனக்கு, கோபம் எனக்கா? நல்லா பங்கு போட்டே தம்பி! உனக்கு மன்னிக்க ஆள் வந்து சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கு யார் சொல்லிக் கொடுத்தா? நான் மிருகம். கொடுத்ததைச் சுமப்பேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்!"

அதன் முகத்தில் தரீஃப் பார்த்தது தன்னுடைய பழைய முகத்தைத்தான். அந்தச் சிவந்த கண், அந்த இறுகிய தாடை, இரண்டும் அவனுடையவை. சாட்டை இடுப்பில் செருகியிருந்தது. அதைத் தூர எறிந்தான். உனைஸுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் போய் நின்றான்.

"அவர் உனக்கு ஒண்ணும் பண்ணல. பண்ணினவன் நான். என்னை மிதி."

ஷக்ரா எழுந்தது. கழுத்தை நீட்டி அவன் தோளைக் கவ்வ வந்தது. பற்களில் அகப்பட்டது கபீஷா நெய்த வெள்ளைப் போர்வை. அது தோளிலிருந்து கழன்று வாயோடு போய்விட்டது. ஷக்ரா அதைத் தரையில் அடித்தது, மார்பால் நசுக்கியது, எழுந்து நின்று நாலு காலாலும் மிதித்தது. தரீஃபின் வேர்வை நாற்றம் அதில் இருந்தது. போர்வைக்குள் ஆள் இல்லை என்று தெரியாமலா செய்தது? தெரிந்தேதான் செய்தது என்று நான் சொல்வேன். கொல்ல நினைத்திருந்தால் அவன் இரண்டடி தள்ளித்தானே நின்றான். அவன் ஓடவும் இல்லை. வெள்ளைத் துணி மணலோடு மணலாகிக் கந்தலாகும் வரை தலைகுனிந்து நின்றான்.

அதற்குள் கூட்டம் ஓடிவந்துவிட்டது. கீழ்க் கிணற்றார் உனைஸைப் பார்த்தார்கள், மணலில் கிடந்த முடிச்சுப் போர்வையைப் பார்த்தார்கள். வாள்கள் உருவப்பட்டன.

"முடிச்சை அவுக்காமலே கைகொடுத்திருக்கான்! ஒட்டகத்தைப் பழக்கிக் காக்காவைக் கொல்லப் பார்த்திருக்கான்!"

மேல் கிணற்றாரின் கைகளும் இடுப்புக்குப் போயின. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் பாட்டன் காலத்துச் சண்டை முழுவதும் எழுந்து வந்து கிணற்றடியில் நின்றது. ஸிமாக் நடுவில் ஓடிவந்தார். ஆனால் அவருக்கு முன்னாலேயே தரீஃப் வாய் திறந்துவிட்டான்.

"பழக்கல. அதைவிடக் கேவலமான காரியம் செஞ்சேன். என் கோபத்தை அது தலையில கட்டிட்டு நான் நல்லவனாத் திரிஞ்சேன். அது எத்தனையோ தடவை திருப்பி வாங்கிக்கச் சொல்லிச்சு. நான் வாங்கல. வெட்டறதா இருந்தா என்னை வெட்டுங்க. அதைத் தொடாதீங்க."

மணலில் படுத்திருந்த உனைஸ்தான் நல்ல கையை நீட்டினான்.

"அந்தப் போர்வையை இங்கே கொண்டா."

தரீஃப் கொண்டுபோய்ப் பக்கத்தில் மண்டியிட்டான்.

"எனக்காகக் கட்டினதுதானே? எனக்கு ஒரு கைதான் இருக்கு. நீ அந்த முனையைப் பிடி, நான் இதைப் பிடிக்கிறேன்."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வேர்வையிலும் ரத்தத்திலும் ஊறி இறுகிய முடிச்சு எளிதில் விடவில்லை. உனைஸ் வலியில் பல்லைக் கடித்தான். தரீஃபின் நகம் பிய்ந்தது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே தரீஃபுக்கு நுமைரின் முகம் வந்துவிட்டது, தேள் கொட்டிய அன்றைக்கு ஓடிய அதே முகம். அவன் வாய்விட்டு அழுதான். அண்ணன் செத்த பிறகு முதல்தடவையாக அழுதான். முடிச்சு அவிழ்ந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. கசங்கிய துணி, கொஞ்சம் மணல், செம்பட்டை மயிர் இரண்டு மூன்று. இருவர் மனசிலும் தேடிப் பார்த்தாலும் அந்தக் கோபம் அங்கேயும் இல்லை.

"அப்ப எங்கே போச்சு?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷக்ரா கந்தல்துணிமேல் நின்றபடி எதையோ மென்றுகொண்டிருந்தது. அதன் வாயில் இலை இல்லை, முள் இல்லை, ஒன்றும் இல்லை.

தரீஃப் எழுந்துபோய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நுமைரின் கை கடைசியாகப் பிடித்திருந்த அதே இடம். "கொடுத்துடு ஷக்ரா. நான் வாங்கிக்க வந்துட்டேன். என்கிட்ட கொடுத்துடு" என்று கெஞ்சினான். மறுநாளும் கெஞ்சினான், அதற்கடுத்த நாளும் கெஞ்சினான். அமானிதம் வைத்தவன் காலத்தில் கேட்டு வராவிட்டால் அது வைத்த இடத்திலேயே ஊறிவிடும் போலிருக்கிறது. ஷக்ரா திருப்பிக் கொடுக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. எத்தனை தடவை சொல்லியும் கேட்காதவர்களிடம் இனிப் பேச்சு எதற்கு என்று நினைத்ததோ என்னவோ. அதன் குட்டிகளும் பேசவில்லை, குட்டிகளின் குட்டிகளும் பேசவில்லை.

உனைஸின் தோள் கோணலாகக் கூடியது. இரண்டு கிணற்றிலும் யாரும் பிறகு முடிச்சுப் போடவில்லை. ஷக்ரா வயதாகும்வரை தரீஃபிடம்தான் இருந்தது. சில நாள் காரணமே இல்லாமல் அதன் கண் சிவக்கும், நுரை தள்ளும். தரீஃப் சாட்டையைத் தேடமாட்டான். தோளிலிருக்கும் போர்வையை எடுத்து அதன் முன்னால் போடுவான். கபீஷா அவனுக்குப் புதிது புதிதாக நெய்துகொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

அன்று முதல்தான் ஒட்டகம் பேச்சை விட்டது, மறதியையும் விட்டது. சுமை ஏற்றப் போனால் முனகுவதும், வெறும் வாயோடு மென்றுகொண்டே நிற்பதும், பட்டதை நெடுநாள் மனசில் வைத்திருப்பதும் அன்று வந்தவைதான். அது சீறிக்கொண்டு நிற்கும்போது, ஒட்டகம் ஓட்டுகிறவன் தன் போர்வையைக் கழற்றி அதன் முன்னால் போட்டுவிட்டு, மிதித்துத் தீர்க்கும்வரை தலைகுனிந்து ஓரமாக நிற்கிறானே, அதுவும் அன்றிலிருந்துதான்: அந்தக் கோபம் யார் கொடுத்தது என்று அவனுக்குத் தெரியும்.